ஒரு பிடி அரிசியின் கணக்கு

மிசோரமில் ஒரு சாதாரணக் கிறிஸ்தவக் குடும்பம். உலை வைக்கும் நேரம். வீட்டுப் பெண் அன்றைய சோற்றுக்கு அரிசியை அளந்து எடுக்கிறார். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அதற்கென்றே வைத்திருக்கும் தனிப் பாத்திரத்தில் போடுகிறார். அடுத்த வேளைச் சமையலிலும் அதையே செய்கிறார். சபையின் பெண்கள் குறித்த நாளில் வீடு வீடாகப் போய், சேர்ந்திருக்கும் அரிசியை வாங்கி வருகிறார்கள். அது அளக்கப்பட்டு, விற்கப்பட்டு, சபையின் கணக்கில் பணமாக ஏறுகிறது. 'புஃபாய் தாம்', அதாவது கைப்பிடி அரிசி என்று மிசோக்கள் அழைக்கும் இந்த வழக்கம் 1910-ல் தொடங்கியது. நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடக்கிறது. ஊழியர்களின் சம்பளம், பள்ளிகள், மருத்துவப் பணி, ஆதரவற்றோர் பராமரிப்பு என்று பல காரியங்களுக்கு இந்த அரிசி வழி செய்திருக்கிறது. கிறிஸ்தவத் தொண்டு என்றால் அன்னை தெரசாவும், வேலூரின் ஐடா ஸ்கடரும், பெரிய மருத்துவமனைக் கட்டடங்களும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெயர்களுக்கு உரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த மதத்தின் தொண்டு இருபது நூற்றாண்டுகளாக நிலைத்ததற்குக் காரணம் பெயர் தெரியாதவர்களின் சின்னஞ்சிறு பழக்கங்கள் என்பதே என் வாதம். சிறியது என்பதால் மட்டும் ஒரு செயல் பலன் தந்துவிடுவதில்லை. அதற்கு ஓர் ஒழுங்கும், பலருடையதைச் சேர்த்துவைக்கும் ஒரு பொது இடமும் வேண்டும். அவை இரண்டும் அமைந்த இடங்களில் ஏழைகளின் கைகளே பெரிய அமைப்புகளை எழுப்பியிருக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பிடி அரிசி சுமார் நாற்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேளைக்கு எண்பது கிராம். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. ஆண்டுக்கு இருபத்தொன்பது கிலோ. ஒரு குடும்பம் கொடுத்தால் இது ஒரு மூட்டைக்கும் குறைவு. யாருடைய பசியையும் அது நெடுநாள் ஆற்றாது. ஆயிரம் குடும்பங்கள் கொடுத்தால் அதுவே இருபத்தொன்பது டன். 2011 கணக்கெடுப்பின்படி மிசோரமின் மக்கள்தொகை 11 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். சென்னையின் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடக்கூடிய இந்தச் சிறு சமூகத்தில், கைப்பிடி அரிசியால் மட்டும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாய் சேர்கிறது. பெரிய தொழிற்சாலைகளோ துறைமுகமோ இல்லாத, மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து நெல் விதைத்துப் பிழைத்த ஜனங்களின் மாநிலம் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தொகையின் கனம் புரியும்.

இந்த வழக்கம் பிறந்த காலமும் செழிப்பான காலமல்ல. மிசோ மலைகளில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் காடுகள் மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். அந்தக் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிகள் வயலிலும் குதிரிலும் புகுந்து நெல்லை அழிக்கும். 'மவ்தம்' என்று அவர்கள் அஞ்சும் இந்தப் பஞ்சம் 1911-12-ல் வந்தது. கைப்பிடி அரிசி தொடங்கி ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மறுபடி 1959-ல் வந்தது. அதைத் தொடர்ந்து 1966-ல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அய்சால் நகரின்மேல் விமானங்கள் குண்டு வீசின. கிராமங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறிடங்களில் குவிக்கப்பட்டன. 1960-களின் இறுதிக்குள், அதுவரை அங்கே பணியாற்றிவந்த வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் வெளியேறினார்கள். 1986-ல் அமைதி ஒப்பந்தம், 1987-ல் மாநிலத் தகுதி. இத்தனையையும் தாண்டி அந்த வழக்கம் பிழைத்திருக்கிறது. வெளிநாட்டார் போன பின்பு சபை தன் காலில் நின்றதற்கு, கொடுப்பது ஏற்கெனவே அடுக்களை வேலையாக ஆகியிருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஏன் இது நிலைத்தது? அதன் அமைப்பைக் கவனித்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, பிடி அரிசி எடுக்கப்படும் நேரம். சாப்பிட்ட பின் மிஞ்சியதிலிருந்து எடுப்பதில்லை. உலையில் போடுமுன் எடுக்கிறார்கள். மிச்சத்தில் கொடுப்பவருக்கு மிச்சம் என்றுமே இருக்காது என்பது எல்லாக் குடும்பங்களும் அறிந்த உண்மை. இரண்டு, அளவு. வீட்டில் உள்ளதிலிருந்து கை கொள்ளுமளவு. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. உலை ஏறாத நாளில் எடுக்க எதுவும் இருக்காது. அந்த நாளில் கொடுக்காதது குற்றமும் ஆகாது. ஆகவே ஏழை கொடுக்க முடிகிறது, கொடுத்து நொடித்துப்போவதுமில்லை. மூன்று, முடிவு. கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி தினமும் எழுவதில்லை. ஒருமுறை தீர்மானித்தது பழக்கமாகிவிட்டது. மனம் இளகும் நாளில் அள்ளிக் கொடுத்து, மற்ற நாட்களில் மறந்துவிடுவது மனித இயல்பு. புயலுக்கும் வெள்ளத்துக்கும் குவியும் நிவாரணம் ஆறு மாதத்தில் வற்றிவிடுவதை நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். உணர்ச்சி ஓய்ந்த பிறகும் கை இயங்க வேண்டுமானால் அதைப் பழக்கத்தின் பொறுப்பில் விடுவதுதான் வழி.

மிசோப் பெண்கள் செய்வது கிறிஸ்தவ மரபுக்குப் புதிதல்ல. முதல் நூற்றாண்டில் கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்ப்பது பற்றி ஓர் அறிவுரை இருக்கிறது. வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி வீட்டிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும், தான் வரும்போது அவசரமாக வசூலிக்க நேரக்கூடாது என்கிறார் அவர். ஏறத்தாழ 197-ல் கார்த்தேஜ் நகரத்திலிருந்து எழுதிய தெர்த்துல்லியன், தம் சபையார் மாதம் ஒருமுறை, விருப்பமும் வசதியும் இருந்தால், ஒரு சிறு தொகை போடுவார்கள் என்றும், யாரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை என்றும் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பணம் போன இடங்களையும் அவர் வரிசைப்படுத்துகிறார்: ஏழைகளுக்குச் சோறு, அவர்களின் அடக்கச் செலவு, பெற்றோரற்ற பிள்ளைகள், வேலைக்கு ஆகாமல் வீட்டோடு கிடக்கும் முதியவர்கள், கப்பல் உடைந்து தவிப்போர், விசுவாசத்துக்காகச் சுரங்கங்களிலும் தீவுகளிலும் சிறைப்பட்டோர். அன்றைய சபையில் அடிமைகளும் கைவினைஞர்களும் விதவைகளும் நிறைய இருந்தார்கள். அவர்களின் செப்புக் காசுகள்தான் இவ்வளவையும் தாங்கின.

இதன் பலனுக்கு எதிராளியே சாட்சி சொல்லியிருக்கிறார். 362-ல், கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முனைந்த ரோமப் பேரரசர் ஜூலியன், கலாத்தியா நாட்டின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக ஒரு கடிதம் கிடைக்கிறது. கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்கள், நம் மக்களோ நம்மிடமிருந்து உதவி பெறாமல் நிற்கிறார்கள் என்று அதில் அவர் வருந்துகிறார். ஊர்தோறும் விடுதிகள் கட்டச் சொல்லி, கலாத்தியாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 30,000 மோடியஸ் கோதுமையை அரசுக் களஞ்சியத்திலிருந்து ஒதுக்குகிறார். மறு ஆண்டே அவர் போரில் இறந்துபோனதால் அந்தத் திட்டம் சோதித்துப் பார்க்கப்படவே இல்லை. ஆகவே அது தோற்றது என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. எளியவர்கள் மாதக் காசில் கட்டியெழுப்பிய ஒன்றுக்கு ஈடு வைக்க, ஒரு பேரரசர் தன் களஞ்சியத்தைத் திறக்க வேண்டியிருந்தது.

சிறிய செயலுக்கு இந்த மதம் கொடுக்கும் இடமும் இங்கே முக்கியம். தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகள் போட்ட ஏழை விதவை, செல்வந்தர் எல்லோரையும்விட அதிகம் போட்டதாக இயேசு சொன்னதை மாற்கும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். தாகத்தோடு வந்தவருக்குக் கொடுத்த ஒரு கலசம் தண்ணீருக்கும் பலன் உண்டு என்பது மத்தேயுவில் வருகிறது. அதே சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கப்படுபவை உணவு, தண்ணீர், உடை, நோயாளியைப் பார்க்கப் போனது, சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போனது முதலியவை. இவற்றில் ஒன்றுக்குக்கூடத் தனித் திறமையோ படிப்போ பதவியோ தேவையில்லை. அந்த உவமையில் நல்லது செய்தவர்களுக்குத் தாங்கள் செய்தது நினைவிலேயே இல்லை. எப்போது செய்தோம் என்று திரும்பக் கேட்கிறார்கள். செய்தவருக்கே நினைவில்லாத அளவுக்கு நன்மை வழக்கமாகிப்போன நிலை அது. இத்தகைய போதனையைக் கேட்டு வளர்ந்த ஒரு சாதாரண விசுவாசிக்கு, தான் புனிதர் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது புரிந்துவிடுகிறது.

சிறு தொகை எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே வேறு சான்றுகள் உண்டு. 1869-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு சென்ட்டும் ஒரு ஜெபமும் தர வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. அந்தக் காசில் அனுப்பப்பட்ட டாக்டர் கிளாரா ஸ்வெய்ன் 1870-ல் பரேலி வந்து சேர்ந்தார். ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் பெண்கள் வீட்டுக்குள்ளேயே மடிந்துகொண்டிருந்த காலம் அது. ராம்பூர் நவாப் தன் மாளிகையையும் நிலத்தையும் மருத்துவமனைக்கென்று கொடுத்தார். 1874-ல் பெண்களுக்கான மருத்துவமனை அங்கே திறக்கப்பட்டது. ஸ்வெய்னோடு வந்த இசபெல்லா தோபர்ன் லக்னோவில் தொடங்கிய சிறு பள்ளி, பின்னாளில் பெண்கள் கல்லூரியாக வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலும் இப்படி ஒன்று நடந்தது. 1903-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணத்தில், இந்தியர் கையால் பணி நடக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நிஜாமின் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியவர்களில் பெரும் பகுதியினர் பனையையும் புஞ்சையையும் நம்பி வாழ்ந்த குடும்பத்தார். அசரியா 1912-ல் அதே தோர்ணக்கலின் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

கைப்பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான யோசனை என்று யாரும் எண்ண வேண்டாம். காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் சொன்ன பிடி அரிசித் திட்டம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வங்காளத்தில் சுதேசி இயக்கக் காலத்திலும் தொண்டு அமைப்புகளுக்காக வீடுதோறும் கைப்பிடி அரிசி சேர்த்தார்கள். அரிசி உண்ணும் நாட்டில் ஏழைக்கும் எட்டக்கூடிய தானம் எது என்று யோசித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மிசோரமின் தனித்தன்மை, அந்த யோசனையை ஒரு சமூகமே நூறு ஆண்டுகளுக்குமேல் விடாமல் பிடித்துக்கொண்டதில் இருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, வலுவானது: பிடி அரிசி பசியை ஒரு வேளை ஆற்றும், பசியை உண்டாக்கும் அநீதியை அது தொடுமா? தொடாது என்பதே நேர்மையான பதில். மிசோ வரலாறே அதற்கு உதாரணம். 1908-ல் அய்சாலுக்கு வந்த மருத்துவ மிஷனரி டாக்டர் பீட்டர் ஃபிரேசர், ஏழைகள் ஊர்த் தலைவர்களின் வீடுகளில் கட்டுண்டு கிடந்த முறையை அடிமைத்தனம் என்று கண்டித்தார். ஆங்கிலேய அதிகாரிகளோடு மோதினார்; 1912-ல் அங்கிருந்து போக நேர்ந்தது. எத்தனை பிடி அரிசி சேர்ந்தாலும் அந்தக் கட்டை அவிழ்த்திருக்காது; அதற்கு ஒருவர் எதிர்த்துப் பேச வேண்டியிருந்தது. ஆகவே அன்றாடத் தொண்டு நீதிக்கு மாற்றாகாது. அரசின் கடமைக்கும் மாற்றாகாது. ஆனால் இந்த வாதத்தை மறுபுறமும் பார்க்க வேண்டும். சட்டம் வரும்வரை பசித்தவர் காத்திருக்க முடியாது. சட்டம் வந்த பிறகும் படுக்கையில் கிடக்கும் முதியவரிடம் ஒரு மனிதர் போய்த்தான் ஆக வேண்டும். அதோடு, அண்டை வீட்டுக்காரரின் பசியைத் தினமும் நினைக்கப் பழகிய சமூகத்தில்தான் அநீதியைக் கேள்வி கேட்கும் குரலுக்குக் காது கிடைக்கும். அந்தப் பழக்கமே இல்லாதவர்களிடம் சமத்துவம் பற்றிப் பேசினால் அது மேடையோடு நின்றுவிடும்.

இரண்டாவது எதிர்வாதம் நம் நாட்டில் அடிக்கடி எழுவது: இந்தத் தொண்டெல்லாம் மதம் மாற்றத்தானே? மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. கைப்பிடி அரிசிப் பணத்தில் ஒரு பெரும் பங்கு சுவிசேஷப் பணிக்குப் போகிறது. பாளையங்கோட்டைச் சங்கத்தின் நோக்கமும் அதுதான். இரு தரப்பாருமே அதை மறைத்ததில்லை. தன் நம்பிக்கையைப் பிறருக்குச் சொல்வது வேறு, சோற்றைக் காட்டி விலை பேசுவது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை எங்கே போடுவது என்பதற்கு இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையே அளவுகோல். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி, காயம் கட்டி, சத்திரக்காரனிடம் காசு கொடுத்துவிட்டுப் போன அந்த மனிதன், அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று விசாரிக்கவும் இல்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற போதனையும் அதே திசையில்தான் நிற்கிறது. நிபந்தனையோடு கொடுப்பவர் மற்ற மதத்தாருக்குப் பிழை செய்வதற்கு முன் தன் வேதத்துக்கே பிழை செய்கிறார். பரேலி மருத்துவமனைக்கு ஒரு முஸ்லிம் நவாப் நிலம் கொடுத்ததும், பெண்கள் மதபேதமின்றி அங்கே வந்ததும், தொண்டு தொண்டாக இருக்கும்போது நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்டுகின்றன.

மூன்றாவது எதிர்வாதத்தைச் சபைக்கு உள்ளிருந்தே எழுப்ப வேண்டும். உலை வைப்பவர் பெண், பிடி எடுப்பவர் பெண், வீடு வீடாகப் போய்ச் சேர்ப்பவரும் பெண். ஆனால் மிசோ பிரஸ்பிட்டேரியன் சபை நெடுங்காலம் பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்யவில்லை. உழைப்பு ஒரு பக்கமும் தீர்மானம் மறுபக்கமும் இருப்பது நியாயமல்ல. சிறிய செயலைப் புகழ்வது, அதைச் செய்பவர்களைச் சிறிய இடத்திலேயே வைத்திருக்கச் சாக்காகிவிடக்கூடாது. இதனோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து சமூக நெருக்கடி. வாசலுக்கு வந்து கேட்கும்போது கொடுக்காதவர் கூனிக் குறுகினால், காணிக்கை வரியாக மாறிவிடும். யாரும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை என்று தெர்த்துல்லியன் அழுத்திச் சொன்னது இந்த ஆபத்து அன்றே தெரிந்ததால் இருக்கலாம். ஏழையின் பிடி அரிசியை வாங்கும் எந்தச் சபைக்கும் இரண்டு கடமைகள் உண்டு: பைசா பிசகாமல் கணக்கைப் பொதுவில் வைப்பது, கொடுத்தவர்களையும் முடிவெடுக்கும் இடத்தில் அமர்த்துவது. இந்த இரண்டும் தவறினால் குறை பிடி அரிசியில் இல்லை, அதை வாங்கியவர்களிடம் இருக்கிறது.

நகரத்தில் இரு வேளை உலை வைக்காத வீடுகள் பெருகிவிட்டன. அங்கே அரிசிக்கு ஈடாகப் பணம் கொடுக்கலாம். ஆனால் அரிசியோடு இருந்த ஒழுங்கும் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரே கிழமையில் தனியாக வாழும் முதியவரைப் போய்ப் பார்ப்பது, அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளியோடு ஒரு மணி நேரம் இருப்பது, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை எடுத்து வைப்பது, இவையெல்லாம் கைப்பிடி அரிசியின் குணம் கொண்டவை. அவற்றுக்கு நாளும் அளவும் வேண்டும். தனி ஒருவரின் சோர்வால் நின்றுவிடாதபடி நாலு பேர் சேர்ந்து பொறுப்பேற்கவும் வேண்டும். பாத்திரம் வீட்டில் இருந்தாலும் சேர்க்கும் இடம் சபையாக இருந்ததால்தான் மிசோரமின் அரிசி பள்ளியாகவும் மருந்தாகவும் மாற முடிந்தது.

ஒரு சபையின் விசுவாசத்தை அளக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதன் கோபுர உயரத்தையும் பண்டிகைக் கூட்டத்தையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு: எந்தப் பண்டிகையும் இல்லாத ஒரு வாரநாளில் அந்தச் சபையார் யாருக்காக எதைத் தவறாமல் செய்கிறார்கள் என்பது. பவுலின் கொரிந்துவிலிருந்து மிசோ மலைகள்வரை வரலாறு காட்டுவது இதைத்தான். பெரிய மனதுள்ள சிலருக்காகக் காத்திருக்கும் சமூகம் நெடுங்காலம் காத்திருக்க நேரும். சாதாரண மனிதர்கள் தங்களால் இயன்ற சிறியதை நாள் தவறாமல் செய்யவும், அதை ஓரிடத்தில் சேர்க்கவும், சேர்த்ததற்குக் கணக்குச் சொல்லவும் கற்றுக்கொண்ட சமூகம் இன்றே தொடங்கலாம். அதற்கு வேண்டிய முதல் அளவு எந்த ஏழை வீட்டிலும் இருக்கிறது.